வெறும் வயிற்றில் ஓடிய அக்கா

நான் ஓட ஆரம்பித்ததே சாப்பிடுவதற்காகத்தான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து, ஓர் ஏற்றுமதி கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக நாற்காலியில் உட்கார்ந்த பிறகு உடம்பு ஏறிக்கொண்டே போனது. குடல் குழம்பையும் பரோட்டாவையும் விட மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஓடினேன். ஓடியதும் பசித்தது; மறுபடி சாப்பிட்டேன்.

என்னோடு ஓடப் பழகி, நான் அக்கா என்று கூப்பிட்டவர் வேறு மாதிரி. பெருமாநல்லூர் போகும் வழியில் அவரும் அவர் கணவரும் ஒரு பனியன் யூனிட் நடத்தினார்கள். அக்காவுக்குச் சர்க்கரை இருந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார், அவர் ஓடினார். அவரும் சாப்பாட்டுப் பிரியர்தான். சுடச்சுட அரிசிம்பருப்புச் சோற்றில் நெய்யை ஊற்றி என் தட்டில் வைத்துவிட்டு, நான் தின்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கோயம்புத்தூரில் முழு மாரத்தான் ஓட இருவரும் பெயர் கொடுத்த பிறகு அவருடைய தட்டு இன்னும் சுருங்கிப்போனது.

“வயிறு லேசா இருந்தாத்தான் கண்ணு காலு பறக்கும்” என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுடைய நீண்ட பயிற்சி ஓட்டம். விடியும் நேரத்தில் கிளம்பினோம். நான் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன்.

“சாப்பிட்டீங்களாக்கா?”

“ஆச்சு ஆச்சு, வா.”

பெருமாநல்லூரைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும்போது அக்கா பின்தங்கினார். வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். திடீரென்று, “எதுக்கு என்னையே பாத்துட்டு இருக்கற? உன்ர வேலையப் பாரு!” என்று கத்தினார். அவர் என்னிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதேயில்லை. நின்றுவிட்டேன். அவர் என்னைத் தாண்டிப் போனார். கால்கள் கோணலாக விழுந்தன. அப்படியே நடுச் சாலைக்குப் போனார். எதிரே ஒரு கம்பெனி வேன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது.

ஓடிப் போய் இழுத்தேன். வேன் எங்களை உரசுவதுபோல் போனது. என் பிடியில் இருந்த கை ஜில்லென்று, தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல் நனைந்திருந்தது.

“உடு என்னை. நீ யாரு?” நாக்கு குழறியது.

என் அம்மாவுக்கும் சர்க்கரை. அடுப்படியில் ஒரு நாள் அம்மா இதே மாதிரி குழறியதைப் பார்த்திருக்கிறேன். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப்போனால் இப்படித்தான் ஆகும்; உடனே இனிப்பு ஏதாவது உள்ளே போக வேண்டும். இடுப்புப் பையைத் திறந்தேன். வெறும் காகிதம். கடலை மிட்டாய் முழுவதையும் போகும் வழியிலேயே நானே தின்று தீர்த்திருந்தேன்.

சற்றுத் தள்ளி ஒரு டீக்கடை தெரிந்தது. அக்காவின் இடுப்பில் கையைக் கொடுத்து இழுத்துக்கொண்டு நடந்தேன். அவர் என்னை அடித்தார், திமிறினார், பிறகு மொத்தமாக என் மேல் சாய்ந்தார். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்ற முடியாது. “எக்கா, கண்ண மூடாதீங்க! என்னப் பாருங்க!” என்று கத்திக்கொண்டே போனேன்.

கடைக்காரர் உள்ளே எங்கோ போயிருந்தார். வெளியே வடநாட்டுத் தொழிலாளர்கள் சிலர் டீ குடித்துக்கொண்டு எங்களைத் திகைத்துப் பார்த்தார்கள். “சீனி! கொஞ்சம் சீனி குடுங்க!” என்று அலறினேன்.

எங்கள் ஊரில் சர்க்கரையைச் சீனி என்போம். இந்தியிலும் அது சீனிதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒருவர் தம்ளரைப் போட்டுவிட்டுப் பாய்ந்து, டப்பாவோடு எடுத்து வந்தார். தண்ணீரில் கரைத்து, அக்காவின் தலையைத் தாங்கிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம். முதல் வாய் வெளியே வழிந்தது. இரண்டாவது வாய் தொண்டையில் இறங்கியது தெரிந்தது. பிறகு காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பைப் போல நீளமான ஓட்டம் எதையும் நான் ஓடியதில்லை.

“கண்ணு... இங்க எப்புடி வந்தோம்?” என்றார் அக்கா.

நான் போன் செய்ததும் அவர் கணவர் காரில் வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரியில், முதல் நாள் ராத்திரியிலிருந்து எதுவும் சாப்பிடாமல் காலையில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு அக்கா ஓட வந்தது தெரிந்தது. கணவர் என் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க, உங்ககூட ஓட ஆரம்பிச்ச பொறகுதானுங்க இப்புடியெல்லாம் ஆச்சு.”

“அந்தப் புள்ளைய எதுக்குங்க சொல்றீங்க? சாப்புடாதது நானு” என்றார் அக்கா கட்டிலிலிருந்து. பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, “ஊடு நெறையச் சோறு இருக்குது கண்ணு. ஒரு வாய் வெச்சா நிறுத்த மாட்டனோன்னு எனக்குப் பயம்” என்றார்.

அவருக்குச் சோற்றின் மேல் இருந்தது ஆசை மட்டுமல்ல என்று அன்றுதான் புரிந்தது.

அந்த வருஷம் கோயம்புத்தூரில் நான் மட்டும்தான் ஓடினேன். டாக்டர் மாத்திரையை மாற்றினார். எதைச் சாப்பிட்டுவிட்டு எவ்வளவு தூரம் ஓடலாம் என்று சொல்லிக் கொடுத்தார். சில மாதம் கழித்து அக்கா திரும்பி வந்தார், குறைந்த தூரத்துக்கு மட்டும். இப்போது நான் முன்னால் ஓடுவதில்லை. பக்கத்திலேயே ஓடுகிறேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் வந்தால் ஏதாவது கேட்டு வைப்பேன். பதில் தெளிவாக வரும்வரை எனக்கு மூச்சு சீராகாது.