எண்பத்திரண்டு டர்பன்டைன் மரங்கள்

உக்குவளையிலிருந்து ஓட்டோவில் அரைமணி நேரம் மலையேறினால் வருகிற தேயிலைத் தோட்டம் அது. அங்குள்ள சின்னக் கத்தோலிக்கக் கோயிலைக் கூட்டித் துடைப்பது, பூசைக்கு மணியடிப்பது, பாதர் வராத ஞாயிறுகளில் செபம் சொல்வது எல்லாமே பிலோமினாதான். பகலில் கொழுந்து, மாலையில் கோயில். இருபது வருடமாக அவளை யாரும் நியமிக்கவில்லை. வேண்டாமென்று சொல்லவும் இல்லை. வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய் இல்லாவிட்டால் கோயில் கூரை எப்போதோ கீழே வந்திருக்கும் என்பதை அவளைப் பிடிக்காதவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

எட்டு வருடத்துக்கு முன் வந்த ஓர் இளம் பாதர், ஆண்டவர் படைத்ததைப் பார்த்துக்கொள்வதும் செபம்தான் என்று பிரசங்கம் வைத்தார். கோயிலுக்குப் பின்னால் மொட்டையாகக் கிடந்த சரிவில் குடும்பத்துக்கு ஒரு மரம் நட வேண்டும், அந்தக் குடும்பத்தில் இறந்துபோன ஒருவரின் பெயரை அதற்கு வைக்க வேண்டும் என்றார். பிலோமினா விழுந்தடித்துக்கொண்டு முன்னால் நின்றாள். அவளுடைய ஒரே மகள் தினுஷா பதினாறு வயதில் டெங்குக் காய்ச்சலில் போய் அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

என்ன மரம் என்ற பேச்சு வந்தபோது பாதர் கும்புக் என்கிற மருது, நாவல் என்றார்.

"அதெல்லாம் வளர்றதுக்குள்ள நாங்க மண்ணுக்குள்ள போயிருவோம் பாதர். டர்பன்டைன் வைப்போம். ஆடு திங்காது, தண்ணி ஊத்த வேணாம், தோட்டத்து நர்சரியில சும்மா குடுப்பாங்க" என்றாள் பிலோமினா. தேயிலை ஆலை விறகுக்காக வளர்க்கிற யூகலிப்டஸ் மரத்துக்கு அங்கே அதுதான் பெயர்.

எண்பத்திரண்டு கன்றுகள். ஒவ்வொன்றிலும் தகரத்தில் பெயின்டால் எழுதிய ஒரு பெயர். ஒன்றுகூடச் சாகவில்லை. சனங்கள் ஞாயிறுதோறும் பூசை முடிந்து தங்கள் மரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். மறைமாவட்டத்திலிருந்து ஒரு பாராட்டுப் பத்திரமும் வந்தது. அதைக் கண்ணாடி போட்டு மாட்டியவளும் பிலோமினாதான்.

அந்தச் சரிவுக்கு நேர் கீழே பீலி இருந்தது. ஊற்றுத் தண்ணீரைக் குழாயில் இறக்கி, லயத்து வரிசை வீடுகளின் சனம் முழுவதும் குடிப்பதும் குளிப்பதும் அங்கேதான். மணிக்கட்டுத் தடிப்பில் விழுந்த தண்ணீர் ஐந்தாம் வருடம் விரல் தடிப்புக்கு இளைத்தது. போன வருடம் மாசியில் நின்றுபோனது. இப்போது கிழமைக்கு இரண்டு தடவை பவுசர் என்கிற தண்ணீர் லொறி வருகிறது, குடும்பத்துக்கு நாலு கேன் தண்ணீர்.

கிணறு வெட்டலாமா என்று பார்க்க உக்குவளையிலிருந்து றம்ஸியைக் கூட்டி வந்தார்கள். இருபது வருடமாகக் கிணறு வெட்டுகிற மனிதர். அவர் காய்ந்த பீலியைப் பார்த்தார், தலையைத் தூக்கிச் சரிவைப் பார்த்தார்.

"அக்கா, ஊத்துக்குத் தலமாட்டுல இந்த மரத்த யாரு வெச்ச? கெணறு வெட்டியும் வேலயில்ல. எல்லாத்தையும் இது குடிச்சிரும்."

பிலோமினா சரிவில் ஏறிப் போய் தினுஷாவின் மரத்தடியில் உட்கார்ந்தாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் எழுந்து நின்று சொன்னாள். "தப்பு என்னோடது. வெட்டிருவோம் பாதர். வெட்டிட்டு கும்புக் வைப்போம்."

அப்போதிருந்தவர் வேறு பாதர், மாதம் ஒருமுறை வருகிறவர். அவர் பாராட்டுப் பத்திரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த மாதம் பேசுவோம் என்றார். கோயில் கமிட்டித் தலைவர் நல்லையா அவ்வளவு பொறுக்கவில்லை.

"எங்கப்பா பேருல நிக்கிற மரத்துல கோடாலி வைக்கச் சொல்றியா? மரத்த பாத்துக்கிறது ஆண்டவருக்குச் செய்ற ஊழியம்னு வீடு வீடா வந்து சொன்னது நீதானேம்மா?"

சொன்னது அவள்தான்.

ஒருவர் தொடங்கினால் மற்றவர்களும் வருவார்கள் என்று நினைத்தாள், பாவம். சனிக்கிழமை காலையில் கோடாலியோடு சரிவில் ஏறினாள். தினுஷாவின் பெயர்த் தகரத்தைக் கழற்றிச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு முதல் வெட்டைப் போட்டாள். மரம் விழ மதியமாகிவிட்டது. உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டன. லயத்து வாசல்களில் நின்ற சனங்கள் ஒவ்வொருவராய் உள்ளே போய்விட்டார்கள். பெற்ற மகளையே வெட்டினவள் என்று அன்று பின்னேரமே பேச்சாகிவிட்டது. எண்பத்தொரு மரங்கள் நின்றன. பீலியில் ஒரு சொட்டும் வரவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து அடிக்கட்டையைச் சுற்றித் துளிர் விட்டது. முதலில் கண்டவள் நல்லையாவின் மனைவி றோசம்மா. அங்கேயே முழந்தாளிட்டாளாம். மறுநாள் மெழுகுதிரி வந்தது, அதற்கடுத்த நாள் செபமாலை. மற்ற மரங்களையும் வெட்டச் சொல்லிப் பேசுவார்கள் என்று பிலோமினா நம்பியிருந்த இரண்டு மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

பிலோமினா தேயிலைச் செடி கழிக்கிற கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு போனாள். துளிரைச் சீவிவிட வேண்டும், இல்லாவிட்டால் கட்டை சாகாது. அங்கே ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள்.

"டர்பன்டைன வெட்டினா துளிர்க்கும். வெறகுக் காட்டுல நீங்க பாக்காததா?" என்றாள் பிலோமினா.

"பாத்திருக்கோம்" என்றாள் றோசம்மா. "ஆனா அது வெறும் மரம். இது ஒம் மக பேருல வச்சது. அவ வந்துட்டா பிலோமினா." அவள் காலடியில் பவுசர் தண்ணீர்க் கேன் ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு கோப்பை எடுத்து நீட்டினாள். "பெத்தவ நீ ஊத்தணும்."

துளிர்கள் விரல் உயரத்துக்கு வந்திருந்தன. பதினாலு எண்ணினாள். எல்லாம் தெரிந்தவள்தான். தெரிந்தும், அந்தச் சிவந்த இலைகளைப் பார்த்தபோது பாழாய்ப்போன நெஞ்சு ஒரு நொடி நம்பிவிட்டது. கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு கோப்பையை வாங்கினாள், ஊற்றினாள். பவுசர் வர இன்னும் இரண்டு நாள் இருந்தது.