கண்ணாடி அறையில் ஒரு தறி

கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு பட்டுக்கடை. வாசலை ஒட்டிக் கண்ணாடி அறை கட்டி, அதில் ஒரு கைத்தறியைப் போட்டு, என்னை உட்கார வைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் பார்க்க நான் நெய்ய வேண்டும், அவ்வளவுதான் வேலை. மாதச் சம்பளம், தலைக்கு மேல் மின்விசிறி. வீட்டில் நெய்ததைவிடச் சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

வியாபாரம் என்றால் கொஞ்சம் அளக்கத்தான் வேண்டும். "இந்தப் புடவைய உங்க பேத்தி கண்ணாலத்துக்கும் கட்டலாம்மா" என்று விற்பனையாள் சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். வாங்க வந்தவரும் சிரிப்பார். இரண்டு பேருக்கும் தெரிந்த பொய்யால் யாருக்கு என்ன நஷ்டம்? என் கோபமெல்லாம் உள்ளே அடுக்கியிருந்த விசைத்தறிப் புடவைகள் மேல்தான். மூட்டை மூட்டையாக அவை வந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நான் கையால் நெய்வேன். இது ஏமாற்று இல்லையா என்று ஒருநாள் முதலாளியிடம் கேட்டும் விட்டேன்.

"எங்கனா பொய் சொல்லிக்கிறோமாபா? தறி வச்சிக்கிறோம், நீ நெய்யிற, ஜனங்க பாக்குது. அவங்களா ஒண்ணு நெனச்சிக்கினா நான் இன்னா பண்றது?"

வக்கீலே அவரிடம் தோற்றுப்போவார். நான் தறிக்குத் திரும்பினேன்.

போன தை மாதம் ஒரு அம்மா மகளோடு வந்தார். மகளின் முகூர்த்தப் புடவை கையால் நெய்ததாகவே இருக்க வேண்டும், அதை அம்மன் காலடியில் வைத்து எடுத்துப்போக வேண்டும் என்பது அவருடைய வேண்டுதல். அரக்கு நிறப் புடவை ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே கண்ணாடி அறைக்குள்ளேயே வந்துவிட்டார்.

"இது நீங்க நெய்ஞ்சதுன்னு அந்த சேல்ஸ்மேன் சொன்னாரு. நிஜந்தானேண்ணா?"

அளப்பது வேறு, இது பச்சைத் திருட்டு. வேலை போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தேன். "இது கைத்தறியே இல்லம்மா. மெஷின்ல வந்தது. வாணாம், வச்சிடுங்க."

அவர் முகம் மாறியது. "பஸ் ஸ்டாண்டுல ஒரு ஆளும் இதையேதான் சொன்னான். கடையில எல்லாம் டூப்ளிகேட், என்கூட வாங்கன்னு. அடுத்து நீங்க உங்க வீட்டுக்குக் கூப்பிடுவீங்க, இல்ல?"

இந்த ஊர் புரோக்கர்கள் ஆள் பிடிப்பது அப்படித்தான். நான் சொன்ன நிஜத்துக்கும் அவர்கள் பேச்சுக்கும் ஒரு வார்த்தைகூட வித்தியாசம் இல்லை. "நான் எங்கயும் கூப்பிடலம்மா" என்றேன். அதையும் அவர்கள் சொல்வார்கள்.

பின்னாலேயே வந்த விற்பனையாள் சிரித்தான். "நெசவுக்காரங்க இப்படித்தாம்மா. கடைக்குத் தெரியாம வீட்ல வச்சி விக்கப் பாப்பாங்க."

அதே புடவையை வாங்கிக்கொண்டு அந்த அம்மா கோயில் பக்கம் நடந்தார். மகள் மட்டும் ஒருமுறை திரும்பி என்னை அருவருப்பாகப் பார்த்தாள்.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். கணக்கு முடிக்கத்தான் என்று போய் நின்றேன். அவர் என் தோளைத் தட்டினார்.

"அந்தம்மா உன் மேல இருந்த ரோஷத்துல பேரம்கூட பேசாம வாங்கிக்கினு போச்சுபா! நாளைக்கு டூரிஸ்ட் பஸ்ஸு வருது, சீக்கிரம் வந்துடு."

துரத்தியிருந்தாலாவது, நான் சொன்னது நிஜம் என்று ஒருவர் ஒப்புக்கொண்டதாக இருந்திருக்கும். மறுநாள் பஸ் வருவதற்கு முன்பே போய்த் தறியில் உட்கார்ந்தேன்.