நடக்காத பதினைந்து சுற்றுகள்

வயிற்றில் ஐந்து துளைகள். தென்காசி மருத்துவமனையில் கண் விழித்ததும் நான் முதலில் எண்ணியது அவற்றைத்தான். பெருங்குடலில் கட்டி இருந்த பகுதியை, கேமராவை உள்ளே விட்டுப் பார்த்து வெட்டி, தொப்புளுக்குக் கீழே சற்றுப் பெரிய துளை வழியாக எடுத்துவிட்டார்கள். மிச்சக் குடலை இணைத்துத் தைத்திருந்தார்கள்.

தலைமாட்டில் ஆக்சிஜன் வரும் புட்டியில் தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. மயக்கம் தெளியாத எனக்கு அது குற்றாலத்தின் சத்தம். ஐந்தருவியில் கிடக்கிறேன், ஒவ்வொரு துளையிலும் ஒரு கிளை விழுகிறது, வலிக்கவில்லை. சீசன் நேரம். ஜன்னலில் மலை தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தபோது சற்று அருகில் வந்திருந்தது.

மறுநாள் நர்ஸ் வந்து வராந்தாவில் ஆறு சுற்று நடக்கச் சொன்னாள். நடந்தால்தான் குடல் விழிக்குமாம், காற்றுப் பிரியுமாம். அவள் போனதும் என் மனைவி கதவைச் சாத்தினாள்.

"உள்ள ஒட்டுப் போட்டிருக்கு. நடந்து பிஞ்சிட்டுன்னா என்ன செய்ய? பேசாம படுங்க."

எனக்கும் அதே பயம். என் அண்ணனுக்கு இதே நோய்க்கு நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரை கிழித்தார்கள். இருபத்திரண்டு தையல். பன்னிரண்டு நாள் அசையாமல் கிடந்து பிழைத்தார். நான் ஒரு சுற்று நடந்துவிட்டு ஆறு என்றேன். அடுத்த நாள் பன்னிரண்டு சுற்று நடக்கச் சொன்னாள். இரண்டு நடந்து, பன்னிரண்டு என்றேன். நர்ஸ் தாளில் எழுதிக்கொண்டாள். முப்பத்துநான்கு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவன் நான். ஓர் எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை.

"காத்து பிரிஞ்சிதா தாத்தா?" என்று அவள் ஒரு நாளைக்கு நான்கு முறை கேட்டாள். நான்கு முறையும் இல்லை.

மூன்றாம் நாள் காலை வயிறு மத்தளம்போல் உப்பியது. குமட்டியது. டாக்டரம்மா தாளைப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். பதினெட்டுச் சுற்று நடந்தும் காற்றுப் பிரியவில்லை என்றால் இணைத்த இடம் கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும், ஸ்கேன் எடுக்கலாம், கசிந்தால் மறுபடி திறந்து, வயிற்றோடு பை கட்டிச் சில மாதம் இருக்க நேரலாம் என்று என் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"பதினெட்டு இல்லம்மா," என்றேன். "மூணு."

"நாந்தான் தடுத்தேன்," என்றாள் மனைவி, தரையைப் பார்த்து.

டாக்டரம்மா திட்டவில்லை. "காய்ச்சல் இல்ல, நாடியும் நல்லாருக்கு. உங்க கணக்க நம்பித்தான்யா நான் பயந்தேன். சாயந்திரம் வரைக்கும் நெசமா நடங்க, பாப்போம்."

நடந்தேன். மனைவி குளுக்கோஸ் கம்பியைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தாள். ஒரு சுற்றுக்கு எண்பத்தாறு அடி. மேற்குக் கோடியில் திறந்த ஜன்னல். ஒவ்வொரு முறையும் சாரல் முகத்தில் பட்டது. நடக்கிறேனா, மலைதான் என்னைத் தாண்டிப் போய்த் திரும்புகிறதா என்று தெரியவில்லை. உள்ளே எங்கோ வெகு ஆழத்தில் ஒன்று புரண்டது. பயந்து நின்றேன். அவள் என் முழங்கையைப் பிடித்து முன்னே நகர்த்தினாள். ஏழாவது சுற்றில், அந்த ஜன்னலருகே, காற்றுப் பிரிந்தது. நீளமாக. பிளாஸ்கோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"ஏங்க, நீங்கதானா?" என்றாள் மனைவி.

தலையாட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பியை என் கையில் கொடுத்தாள்.

"இங்கனயே நில்லுங்க. நர்ஸ்கிட்ட நான் போய்ச் சொல்லுதேன். நீங்க சொன்னா இனும எவ நம்புவா?"