மஞ்சள் ஏறாத படகு

கோத்தா திங்கி படகுத்துறையில் கருப்பாயியின் வலது கை அவித்த கச்சாங் கடலையை அளந்து போடும். இடது கை வேறு வேலை பார்க்கும். படகேறும் பலகையில் கால் வைக்கப் போகிற பெண் யாராக இருந்தாலும், அந்த இடது கை எட்டி அவள் சேலையின் கீழ்க்கரையைப் பிடிக்கும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, மாவின் பதம் பார்ப்பது போல மெல்ல ஒரு தேய்ப்பு. பிறகு கரையைக் கொஞ்சம் புரட்டி, உள்ளே என்ன கட்டியிருக்கிறாள் என்று ஒரு பார்வை. பார்த்தது சரியாக இருந்தால் விரல்கள் தாமாக விட்டுவிடும். கண் அதற்குள் அடுத்த பெண்ணின் காலடிக்குப் போயிருக்கும்.

மூட்டை தூக்குகிற தங்கராஜு தினமும் கிண்டல் செய்வான். "என்னாக்கா, சுங்கம் வசூலா? உள்பாவாடைக்கும் வரி போட்டுட்டாங்களா?"

"ஒன் வேட்டிக்குப் போடணும்டா. தொவைச்சு எத்தனை மாசம் ஆச்சு?"

கை மட்டும் நிற்காது.

ஒரு நாள் புதுப்பெண் ஒருத்தி வந்தாள். பெயர் புஷ்பவள்ளி. கல்யாணமாகிப் புருசனோடு ஜொகூர் பாருவுக்குப் போகிறாள். பாய்ப் படகைக் கிட்டத்தில் பார்ப்பதே அன்றுதான்.

"முதத் தடவையா?"

"ஆமாக்கா. பயமா இருக்கு."

"செருப்பக் கழட்டி மூட்டையில வை. கொசுவத்தைத் தூக்கி இடுப்புல செருகு, முழங்கால் தெரிஞ்சா ஒண்ணும் குடி முழுகிடாது. சடையைத் தொங்க விடாத, கயித்துல மாட்டுச்சுன்னா தலையையும் சேத்து இழுக்கும். நடுவுல தாழ உக்காரு. பாய் திரும்புறப்ப என்ன ஆனாலும் எந்திரிக்காத."

"கவுந்துட்டா?"

"சேலையை அவுத்து விட்டுரு. துணியா உசிரான்னா துணியைத்தான் விடணும்."

புருசன்காரன் சிரித்தான். பெண்ணும் சிரித்தாள். கருப்பாயி சிரிக்கவில்லை. குரலை இறக்கிக் கேட்டாள்: "உள்ள மஞ்சள் எதுவும் கட்டலல்ல?"

"இல்லக்கா. தாலிக்கயிறு மட்டுந்தான்."

கருப்பாயியின் விரல்கள் சேலையை விட்டன. படகு ஆற்று வளைவில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடையில் கச்சாங் ஆறிப் போயிற்று.

பல வருஷங்களுக்கு முன்பு, மலாயாவையே முக்கிய பெரிய வெள்ளத்துக்கு முந்திய வருஷம், ஆடி மாதம். அப்போது கருப்பாயி ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் தோட்டத்துக்குச் சாலை கிடையாது. போக்கும் வரத்தும் ஆறுதான். அவள் புருசன் அர்ச்சுனனுக்குக் காட்டுக் காய்ச்சல் வந்தது. இறங்குவதும் ஏறுவதுமாக இருந்த காய்ச்சல் ஒரு நாள் இறங்கவே இல்லை. தோட்டத்து மோட்டார் படகில் அவனைக் கிடத்தி ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூடப் போக அவளுக்கு இடம் கொடுக்கவில்லை. போகும்போது போர்வைக்குள்ளிருந்து அவன் சொன்னான்: "தீச்சட்டி நீ எடு. கூட நடக்க நான் வந்துருவேன்."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினாள். வெள்ளைச் சேலை ஒன்றை மஞ்சள் தண்ணீரில் முக்கி உடுத்தினாள். மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு. தீச்சட்டி இறக்குகிற வரைக்கும் அந்த மஞ்சள் உடம்பை விட்டு இறங்கக் கூடாது. இறங்கினால் யாருக்காகக் கட்டியதோ அவருக்கு ஆகாது. தோட்டத்து லய வீடுகளில் இது தெரியாதவர்கள் யாருமில்லை.

ஒரு சாயங்காலம் தாலிப்பின் படகு தோட்டத்துத் துறையில் வந்து நின்றது. தாலிப் நடுத்தர வயது மலாய்க்காரர்; மரியாதைக்கு எல்லாரும் 'பாக்' என்று கூப்பிடுவார்கள். தம்பி ஒஸ்மானைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஜொகூர் பாருவுக்கு விறகு ஏற்றிப் போகிறவர். அன்றைக்கு இறங்கியதும் விறகுக் கொட்டகைப் பக்கம் போகாமல் நேராக ஆபீசுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் ஸ்டானிஸ்லாஸ் கிராணி லயத்துக்கு வந்தார். சம்பளக் கணக்கு எழுதுகிற அந்த மனிதர் லயத்துக்குள் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை. கோழிகள்கூட ஒதுங்கி நின்று பார்த்தன.

"கருப்பாயி, அர்ச்சுனனுக்கு ரொம்ப முடியலையாம். மோட்டார் படகைத் தொரை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. காலையில தாலிப் படகு கெளம்புது, அதுல போயிடு." கிராணி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கூரைத் தகரத்தைப் பார்த்துப் பேசினார்.

"உசிரோட இருக்காருல்ல ஐயா?"

"போய்ப் பாரு. போய்ப் பாத்தாத் தெரியும்."

விடிந்ததும் அவள் துறைக்குப் போனாள். பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தாள். தாலிப் படகுக்குள்ளிருந்து நிமிர்ந்தார். அவள் சேலையைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"தங்காச்சி, கூனிங் தா போலே."

கிருஷ்ணம்மாவுக்கு மலாய் நன்றாக வரும். "மஞ்சள் கூடாதாம்டி! எதுக்கு பாக், ஏன் கூடாது?"

என் படகில் மஞ்சள் ஏறாது, காற்றுக்குப் பிடிக்காது, வேறு உடுத்திக்கொண்டு வரச்சொல் என்றார் தாலிப். சொல்லிவிட்டு ஏற்கெனவே இறுகியிருந்த கயிற்றை இன்னொரு முறை இறுக்கினார்.

"கழுத்துல கெடக்கற கயிறும் மஞ்சள்தானே? அதை என்ன பண்றதாம்?" என்று கிருஷ்ணம்மா மலாயில் சீறினாள்.

அது காதில் விழாதவர் மாதிரி அவர் குனிந்துகொண்டார். ஒஸ்மான் ஆற்றைப் பார்த்தான்.

நீர் கடல் பக்கம் இறங்கத் தொடங்கிவிட்டது. அதை விட்டால் அன்றைக்குப் படகில்லை. மஞ்சளை அவிழ்த்தால் அவன் பிழைக்க மாட்டான். அவிழ்க்காவிட்டால் அவனைப் பார்க்கவே முடியாது. கருப்பாயி மணிக்கட்டுக் காப்பை மறு கையால் பொத்திக்கொண்டு துறையிலேயே நின்றாள். எங்கிருந்துதான் சேதி போயிற்றோ, கிராணியின் மனைவி சூசையம்மாள் ஒரு சேலையோடு வேகமாக வந்தாள். மாதா கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலை, சலவை மடிப்புக் கலையாதது.

"வெள்ளையா?" கிருஷ்ணம்மா நெஞ்சில் கை வைத்தாள். "நல்லா இருக்கும்மா! புருசன் பொழைக்கணும்னு போறவ வெள்ளையா கட்டுவா?"

"எங்கிட்ட இதுதான் இருந்துச்சு அக்கா," என்றாள் சூசையம்மாள். அவள் கண் சிவந்திருந்தது. அடுப்புப் புகையாக இருக்கும் என்று கருப்பாயி நினைத்துக்கொண்டாள்.

கொட்டகைக்குப் பின்னால் போய்க் கருப்பாயி மஞ்சளை அவிழ்க்கவில்லை. அதன் மேலேயே வெள்ளையைச் சுற்றினாள். காப்பின் மேல் ஒரு கந்தலைக் கட்டி, கத்தி வெட்டின காயம் மாதிரி மறைத்தாள்.

"காப்புக் கட்டுனவ எல்லை தாண்டக் கூடாதுடி," என்று முணுமுணுத்த கிருஷ்ணம்மா, அவள் முகத்தைப் பார்த்ததும் மாற்றிக்கொண்டாள். "போவட்டும், ஆறும் தோட்டத்து ஆறுதான். அது மேல போனா எல்லை தாண்டுனதா ஆவாது. ஆத்தா என்ன, நெலம் அளக்கறவளா?"

படகில் தாலிப் மலாயும் சைகையுமாகப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். எங்கே உட்காருவது, எந்தக் கயிற்றைத் தொடக் கூடாது, பாய் திரும்பும்போது தலையை எவ்வளவு குனிவது, கவிழ்ந்தால் எதை விடுவது. பிறகு பல வருஷம் துறையில் அவள் சொன்ன புத்தி எல்லாம் அன்று காலை கேட்டதுதான். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குப் பயம் குறைந்திருக்கும். அவர் குரல் நோயாளியிடம் பேசுகிற குரலாக இருந்தது.

ஆறு அகன்றது. கரையில் காண்டாமரங்கள் வேர்களை வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. பறவை ஒன்றும் இல்லை. அவள் கணக்கெல்லாம் ஒன்றே ஒன்று: அவன் இப்போது மூச்சு விட்டுக்கொண்டிருப்பான், படகு போய்ச் சேருகிற வரைக்கும் விட வேண்டும். உள்ளே கட்டிய மஞ்சள் வியர்வையில் தொடையோடு ஒட்டியது. உலர்ந்திரு, உலர்ந்திரு என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முகத்துவாரம் தாண்டி மேற்கே திரும்பும்போது காற்று நின்றது. பாய் தொங்கிப் போயிற்று. எதிரே வானத்தின் அடியில் ஒரு கறுப்பு வளைவு எழுந்தது, வாய் திறப்பது மாதிரி. ஒஸ்மான் ஒரு சொல் சொன்னான். தாலிப் பாய்ந்து பாயை இறக்கினார். இறக்கி முடிப்பதற்குள் அது வந்துவிட்டது. மழையும் கடலும் ஒரே திசையில் அடித்தன. விறகுக் கட்டுகள் அறுத்துக்கொண்டு உருண்டன. கருப்பாயி நடுவில் தாழ உட்கார்ந்து, எழுந்திருக்காமல், சொல்லிக் கொடுத்தபடியே இருந்தாள்.

குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. வெள்ளைச் சேலையில் மஞ்சள் ஊறி மேலே வந்துகொண்டிருந்தது. முதலில் முழங்காலில் ஒரு வட்டம், பிறகு மடி, பிறகு எல்லா இடமும். காலடியில் தேங்கிய தண்ணீரும் மஞ்சளாயிற்று. அவள் நிமிர்ந்தாள். சுக்கானைப் பிடித்திருந்த தாலிப் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது தூக்கிக் கடலில் போடுவார் என்று காத்திருந்தாள். போட்டாலும் தப்பில்லை என்றுதான் தோன்றியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காற்று அடங்கியதும் தம் தோளில் கிடந்த நனைந்த சாரோங்கை ஒஸ்மானிடம் கொடுத்து அவள் மேல் போர்த்தச் சொன்னார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் அர்ச்சுனன் இல்லை. இறந்து அடக்கமும் ஆகிவிட்டது என்றார் தமிழ் தெரிந்த ஒருவர். எப்போது என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தேவை இல்லை என்று நினைத்தாள். முகத்துவாரத்தில், அந்தக் கறுப்பு வாய் திறந்த நேரத்தில்தான். வேறு எப்போது?

அவள் தோட்டத்துக்குத் திரும்பவில்லை, தீச்சட்டியும் எடுக்கவில்லை. கோத்தா திங்கியில் கச்சாங் விற்கத் தொடங்கினாள். தாலிப் துறைக்கு வரும்போதெல்லாம் வேண்டுமோ வேண்டாமோ ஒரு பொட்டலம் வாங்குவார். கண்ணைப் பார்க்க மாட்டார். வருஷங்கள் போன பிறகு ஒரு நாள், கச்சாங்கை மடித்துக் கொடுத்துக்கொண்டே அவள் தனக்கு வந்த மலாயில் சொன்னாள்: "பாக், அன்னிக்கு நான் உள்ள மஞ்சள் கட்டியிருந்தேன். காத்து வந்தது என்னாலதான். அவர் போனதும் என்னாலதான்."

"தெரியும்," என்றார் தாலிப். "காற்று அதனால் வரவில்லை, தங்காச்சி." இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். படகிலிருந்து ஒஸ்மான் கூப்பிட்டான், போய்விட்டார். நல்ல மனுசன், ஆறுதலுக்குச் சொல்றாரு என்று அவள் நினைத்துக்கொண்டாள். அடுத்த பெண்ணின் சேலைக்கரைக்கு அவள் கை போயிற்று.

தாலிப் செத்து, பிறகு கருப்பாயியும் செத்து, துறையில் அவள் உட்கார்ந்த இடத்தில் வேறொருத்தி வெற்றிலை விற்கிற காலத்தில் ஒஸ்மான் சொன்னது இது. அந்தப் படகில் மஞ்சளுக்குத் தடை என்று எதுவும் எந்நாளும் இருந்ததில்லை. அதற்கு முந்திய மாதம்தான், ஒஸ்மானின் சொந்தக் கல்யாணத்துக்கு, மஞ்சள் சோறும் மஞ்சள் துணியுமாக அதில் ஆட்களை ஏற்றிப் போனார்கள். புருசன் பிழைக்கக் கட்டிய மஞ்சளோடு அவளை ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் இறக்க மனசு வராமல்தான் அண்ணன் அப்படிச் சொன்னார். அர்ச்சுனன் இறந்த சேதியை ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி, அவள் படகேறுவதற்கு முந்தின சாயங்காலமே தோட்டத்து ஆபீசில் கொண்டுவந்து சொன்னவர் தாலிப்தான்.