நாலு தெரபிஸ்டுகளின் ஞாயிற்றுக்கிழமை

காரைக்காலில் ஆக்குபேஷனல் தெரபி பார்ப்பவர்கள் எனக்குத் தெரிந்து நாலே பேர். பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போட, கை ஒத்துழைக்காத பிள்ளைக்குக் கரண்டி பிடிக்கப் பழக்குகிற வேலை. நான் ஓர் ஆஸ்பத்திரியில், மற்றவர்கள் வேறு வேறு இடங்களில் என்று நாலு பேரும் தனியாகக் கிடந்தோம். வெளியூர்களில் எங்களைப் போன்றவர்கள் குழுவாகக் கூடி, ஒருவருக்கொருவர் வழிகாட்டிக்கொள்கிறார்கள் என்று எங்கோ படித்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உடனே மற்றவர்களுக்குப் போன் போட்டேன்.

உண்மையான காரணம் அக்கா. எங்களில் மூத்தவர். சுரக்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, காரைக்கால்மேட்டுப் பக்கம் ஒரு குழந்தைகள் மையத்தைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையை விடப்போகிறார் என்று அரசல்புரசலாகக் கேள்வி. அவர் போனால் அந்த இடத்துக்கு இன்னொருவர் வரமாட்டார்; மையத்தைப் பூட்டிவிடுவார்கள். அவரை எப்படியாவது பிடித்து நிறுத்த வேண்டும் என்பதுதான் என் கணக்கு.

தருமபுரத்தில் என் வாடகை அறையில் ஞாயிறு மதியம் கூடினோம். ஆரம்பத்தில் ஒரே கலகலப்பு.

"எங்க ஹவுஸ் ஓனரு இன்னமும் என்னைய மசாஜ் பண்றவன்னுதான் நெனச்சிட்டு இருக்காரு. முதுகு புடிக்குதுப்பா, வந்து அமுக்கி விடுங்குறாரு" என்றான் எங்களில் இருந்த ஒரே ஆண்.

"அமுக்கி விட்டுட்டு வா தம்பி, தண்ணி மோட்டராச்சும் நேரத்துக்குப் போடுவாரு" என்றார் அக்கா.

வாரம் ஒருவர் தம் சிக்கலைச் சொல்ல வேண்டும். முதல் வாரமே அக்காவின் முறை. ஒரு மீனவக் குடும்பத்துப் பிள்ளை. மாதக்கணக்கில் பழக்கியதில், தானே சோறு அள்ளத் தொடங்கியிருந்தது.

"அவங்கம்மா விடியறதுக்குள்ள மீன் ஏலத்துக்கு ஓடணும். இது அள்ளித் தின்னு முடிக்கிற வரைக்கும் எங்க நிக்கிறது? ஊட்டிவிட்டுட்டுப் போயிடுறாங்க. குத்தம் சொல்ல முடியல. ஒவ்வொரு வாட்டியும் கை மறந்துபோயி வருது. நான் திரும்ப மொதல்லேருந்து..."

அத்துடன் நிறுத்திவிட்டார்.

நாங்கள் வாய் திறக்கவில்லை. எங்கள் தொழிலில் முதலில் படிவது அந்தப் பழக்கம்தான். பட்டனோடு ஒருவர் மல்லாடும்போது கை நீட்டக் கூடாது. நீட்டினால் அவர் கற்கமாட்டார். கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். மூன்று பேரும் அச்சு அசல் அப்படியே உட்கார்ந்திருந்தோம். யாரும் குறுக்கே பேசவில்லையே, எவ்வளவு அருமையான குழு என்று எனக்குப் பெருமைகூட.

அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"உங்களுக்கும் ஒண்ணும் தோணலல்ல?"

"இல்லக்கா, நீங்களே சொல்லி முடிப்பீங்கன்னுதான்..." என்று இழுத்தேன்.

"முடிச்சிட்டேன்டி."

டீயைக்கூடக் குடிக்காமல் ஸ்கூட்டியைக் கிளப்பினார். அன்று சாயங்காலம் போனில் எனக்குத் தெரிந்த யோசனை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். "ம்" கொட்டிக்கொண்டே கேட்டார். அந்த மாதமே வேலையை விட்டு, நாகப்பட்டினத்தில் ஒரு துணிக்கடை அலுவலகத்தில் சேர்ந்துவிட்டார்.

மீதி மூன்று பேரும் அதற்கப்புறம் ஒரேயொரு ஞாயிறு கூடினோம். யாரும் எதையும் சொல்லத் தொடங்கவில்லை.

மையம் பூட்டிக் கிடக்கிறது. யாரிடமோ என் எண்ணை வாங்கி அந்தப் பிள்ளையின் அம்மா கூப்பிட்டார்.

"ஒங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வரவா மேடம்?"

"இங்க பெரியவங்களுக்கு மட்டும்தாம்மா பாக்குறோம். கும்பகோணத்துல கேட்டுப் பாருங்க."

"கும்பகோணமா? ஏலத்த விட்டுட்டு அவ்ளோ தூரமா?" என்றார். போனை வைத்துவிட்டார்.