ஃபேனுக்குக் கீழே ஒரு சர்வர்

இருங்காட்டுக்கோட்டையில் நாங்கள் குடியிருந்த ரூமில் ஆள் மூன்று, ஃபேன் ஒன்று. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். மே மாதத்தில் ஃபேனுக்கு நேர் கீழே படுப்பவன் மனிதன், மற்றவன் வடாம். அந்த இடம் என் கையில் இருந்தது. நான்தான் முதலில் குடி வந்தேன் என்பதைத் தவிர அதற்கு ஒரு நியாயமும் கிடையாது. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இது 2010 வாக்கில் நடந்தது. நான் ஒரு கம்பெனியில் ஐடி டிரெயினி. பக்கத்துப் பாய்க்காரன் திருநெல்வேலி, கார் பாகம் செய்யும் கம்பெனியில் மெயின்டனன்ஸ். கழற்றிப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டான். மூன்றாமவன் அரக்கோணம் பக்கம், பிரஸ் லைனில் ஆபரேட்டர்.

காம்பவுண்டில் ரூமுக்கு ஒரு கம்ப்யூட்டராவது இருந்தது. ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து எல்லாவற்றையும் இணைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் துப்பாக்கி கேம்தான். எல்லோருடைய ஆட்டமும் வந்து சேருகிற கம்ப்யூட்டர் சர்வர். அது நின்றால் ஆட்டம் நின்றது. ஆனால் வேலை பார்க்கும் ஷிஃப்ட் வாரியாகத்தான் டீம்; ஏ ஷிஃப்டுக்குப் பிடித்த ஆட்டக்கள மேப் பி ஷிஃப்டுக்கு ஆகாது, சி ஷிஃப்டுக்கு இரண்டுமே ஆகாது. ஆளுக்கொரு சர்வர் வேண்டும் என்று ஒரே சண்டை.

மூடப்போன ஒரு பிரௌசிங் சென்டரிலிருந்து மூன்று பழைய பெட்டிகள் கிடைத்தன. ஷிஃப்டுக்கு ஒரு பெட்டி என்றான் திருநெல்வேலி. நான் விடுவேனா? மூன்றிலும் இருந்த ரேமைப் பிடுங்கி, உருப்படியான ஒன்றில் சொருகி, சாஃப்ட்வேர் போட்டு உள்ளுக்குள்ளேயே மூன்று சர்வராகப் பிரித்துவிட்டேன். வர்ச்சுவல் மெஷின்! மீதி இரண்டு பெட்டிகள் ரைஸ் குக்கருக்கு ஸ்டாண்ட் ஆயின.

“ஏல, பெட்டி ஒண்ணுதான் கெடக்கு. மூணு மிசினுன்னு சொல்லுத. மத்த ரெண்டும் எங்கல?”

“உள்ள இருக்கு மாப்ள. நம்ம ஹவுஸ் ஓனர் ஒரு ஹாலுல ப்ளைவுட் அடிச்சு மூணு ரூமுன்னு வாடகை வாங்கல? அதே டெக்னாலஜி.”

“அதாம்ல ஒருத்தன் கொறட்ட விட்டா மூணு ரூமும் முழிச்சுக்கிடுது.”

அடுத்த ஞாயிறு குன்றத்தூர் பசங்களோடு பி ஷிஃப்டுக்கு மேட்ச். அதன் மேல் பந்தயம் வைத்தான் திருநெல்வேலி.

“மேட்ச் நடுவுல உன் பெட்டி நின்னுச்சுன்னா ஃபேனு எனக்கு.”

“நிக்கலன்னா?”

“நீயே அனுபவி. நான் வேர்த்தே சாவுதேன்.”

மேட்ச் அன்று மத்தியானம் பெட்டி தங்கமாக ஓடியது. பி ஷிஃப்ட் ஜெயிக்கிற நிலையில் இருந்தது. பக்கத்தில் அரக்கோணத்தான் ஏ ஷிஃப்ட் சர்வரில் சும்மா ஆடிக்கொண்டிருந்தான். தன் ஆட்டம் முடிந்ததும் எழுந்தான், சோம்பல் முறித்தான். பிரஸ் லைனில் ஷிஃப்ட் முடிந்தால் மெஷினை ஆஃப் பண்ணி, துடைத்துவிட்டுத்தான் அடுத்தவனிடம் கொடுக்க வேண்டும். அதே பழக்கத்தில் பெட்டியின் பட்டனை அழுத்திப் பிடித்து ஆஃப் பண்ணினான். பனியன் துணியால் மேலே துடைக்கவும் செய்தான்.

காம்பவுண்டே அலறியது.

“இன்னாபா, இன்னாத்துக்கு கத்துறீங்கோ? ஏ ஷிஃப்ட் முடிஞ்சிச்சி, மிஷினை ஆஃப் பண்ணேன்.”

“டேய், எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான்டா மெஷின்!”

“நீதான மூணு கீதுன்ன? நான் என்னுத மட்டும்தான் ஆஃப் பண்ணேன்.”

குன்றத்தூர் பசங்கள் லேப்டாப்பை மூடிக்கொண்டே, “தோக்கப் போறோம்னதும் கரண்ட்ட புடுங்கிட்டானுங்கடா” என்றார்கள். தோற்றுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்!

நான் சட்டம் பேசினேன். “பெட்டி நிக்கல. நிறுத்தினாங்க. ரெண்டும் வேற வேற.”

“மூணு பெட்டி இருந்தா இவன் பெட்டி மட்டும்லா நின்னுருக்கும்?”

“உலகத்துல பெரிய பெரிய கம்பெனியெல்லாம் இப்படித்தான் ஓட்டுறான் மாப்ள.”

“அங்க இவன் இல்லல்லா.”

அன்றைக்கே என் பாய் சுவரோரம் போனது. அவன் ஃபேனுக்கடியில் மல்லாந்து படுத்து, “ஏய், குளுருதுல, போர்வை இருக்கா?” என்றான். மே மாதம்!

அடுத்த ஞாயிறு அவன் ஆட்சி. ரேமைத் திரும்பப் பங்கு போட்டு, மூன்று பெட்டி, மூன்று மானிட்டர், ஒவ்வொன்றிலும் பெயின்டால் ஏ, பி, சி. பார்க்க மினி ஃபாக்டரி மாதிரியே இருந்தது. அதே கரண்ட் லைனில் அரக்கோணத்தான் ரைஸ் குக்கரையும் போட்டான். பட்டென்று ஃபியூஸ் போனது. ஹவுஸ் ஓனர் போட்டிருந்த கம்பி அந்த லட்சணம். நின்றுபோன ஃபேனைப் பார்த்துக்கொண்டு திருநெல்வேலி படுத்திருந்தான்.

“போர்வை வேணுமா மாப்ள?” என்று கேட்டேன்.

“வாய மூடுல.”

ஃபியூஸ் கட்டிக் கட்டி அவனுக்கே அலுத்துவிட்டது. பழையபடி ஒரே பெட்டி. பட்டன் மேல் மட்டும் ஒரு தீப்பெட்டியை வைத்து டேப் ஒட்டினான், இனி அரக்கோணத்தான் விரல் நுழையாது. ஆனால் அந்த வெயிலில் மூன்று சர்வரையும் ஒற்றையாகச் சுமந்த பெட்டி கொதித்துப்போய்த் தானாகவே நிற்க ஆரம்பித்தது. அவன் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே தொட்டுப் பார்த்தான். விரலை உதறினான். மேலே பார்த்தான். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் சேர்ந்து அவன் பாயைச் சுருட்டி, பெட்டியைத் தூக்கி நேராக ஃபேனுக்கடியில் வைத்தோம். அதன் பிறகு அது நிற்கவே இல்லை.

“அப்போ ஃபேனு யாருக்குபா?” என்றான் அரக்கோணத்தான்.

திருநெல்வேலி கழற்றிய தகட்டால் விசிறிக்கொண்டே சுவரோரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “தள்ளிப் படுல” என்றான்.