நான் அளந்த ஒரு இடைவெளி

அன்று விடிகாலையில் அந்த ரோட்டில் நின்றவர்கள் நான்கு பேர். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சார். கிழக்குத் தாம்பரத்தில் பள்ளிக்கூட வேலை பார்க்கும் டீச்சர். பெருங்களத்தூரிலிருந்து வரும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், முப்பது வயசு இருக்கும், மணிக்கட்டில் பெரிய வாட்ச். நான்.

நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். வயது நாற்பத்தாறு. ஏழாவதோடு படிப்பு நின்றது.

முடிச்சூரைத் தாண்டி, பெரிய ரோட்டை ஒட்டிப் போகும் சர்வீஸ் ரோடு அது. ஒரு வருஷமாக நான் தனியாக ஓடிய ரோடு. மாரத்தானுக்கு ஐந்து வாரம் இருந்தது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர். அதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை முப்பத்திரண்டு ஓடிப் பார்த்துவிட வேண்டும் என்று சார் சொன்னார். வண்டித் தொல்லை இல்லை என்று என் ரோட்டையே எடுத்துக்கொண்டார்கள்.

குடியை விட்ட பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. நாலு மணிக்கே விழிப்பு வரும். எழுந்து நடந்தேன். பிறகு ஓடினேன். காரணம் அவ்வளவுதான்.

வாட்ச் கிடையாது. எவ்வளவு ஓடுகிறேன் என்று தெரிய வேண்டும். ரோட்டு ஓரம் வரிசையாக விளக்குக் கம்பங்கள். டேப் என்னிடம் எப்போதும் இருக்கும். ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை அளந்தேன். சரியாக முப்பது மீட்டர். மற்றதை அளக்கவில்லை. பெட்டியில் வரும் டைல்ஸ் எல்லாம் ஒரே அளவு. ஒன்றை அளந்துவிட்டு மீதியை எண்ணுவோம். இருபது வருஷமாக அப்படித்தான் வேலை.

நூறு இடைவெளி போனால் மூன்று கிலோமீட்டர். போய்த் திரும்பினால் ஆறு. ஐந்து சுற்று ஓடினால் முப்பது. அந்த வருஷத்தில் நான்கு தடவை ஐந்து சுற்று ஓடினேன்.

முதல் தடவை ஓடிவிட்டு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் என்னை எதுவும் கேட்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. கேட்டால் பொய் வரும் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்குக் கேட்டாள். நிஜமாகவே முப்பதா என்று. ஆமாம் என்றேன். அவள் வேலை செய்யும் அபார்ட்மென்டில் போய் நான்கு பேரிடம் சொல்லியிருக்கிறாள். என்னைப் பற்றி வெளியில் அவள் நல்லதாகச் சொன்னது அது ஒன்றுதான்.

பிறகு ஒரு நாள் சார் அந்த ரோட்டில் வந்தார். அதிகபட்சம் எவ்வளவு ஓடியிருக்கிறீர்கள் என்று கேட்டார். முப்பது, நான்கு தடவை என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்படியானால் பாதி மாரத்தான் வேண்டாம், முழுசே ஓடலாம் என்று அவருடைய ஃபோனில் என் பேரைச் சேர்த்தார். அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன், நாற்பத்திரண்டும் ஓடி முடிப்பேன் என்று. அவள் சரி என்றாள். நம்பித்தான் சொன்னாள்.

அந்த விடிகாலையில் நான்கு பேரும் ஒன்றாக முதல் சுற்று போய்த் திரும்பினோம். ஆரம்பித்த கம்பத்தைத் தொட்டதும் வழக்கம் போல, ஆறு என்று வாய்விட்டுச் சொன்னேன். கம்ப்யூட்டர்காரர் வாட்சைப் பார்த்தார்.

"அஞ்சுண்ணா."

வாட்ச் தப்பாக இருக்கும் என்றேன். டீச்சர் தன் வாட்சைப் பார்த்தார். ஐந்து. சாரும் பார்த்தார். ஐந்து.

"இப்படி அளந்தா ஹாலுக்கு வாங்கின டைல்ஸ் பாதியிலயே தீந்துடுமேண்ணா" என்று கம்ப்யூட்டர்காரர் சிரித்தார். மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. நானும் சிரித்தேன்.

இரண்டாவது சுற்றில் பார்த்துக்கொண்டே ஓடினேன். நான் அளந்த இடத்தில் ரோட்டுக்குக் கீழே மழைத்தண்ணீர் போகச் சின்னப் பாலம் இருந்தது. பாலத்தின் மேல் கம்பம் நட முடியாது. தள்ளி நட்டிருக்கிறார்கள். அந்த ஒரு இடைவெளிதான் முப்பது. மற்றதெல்லாம் குட்டை. கண்ணாலேயே தெரிந்தது. தரையில் டைல் ஒரு மில்லிமீட்டர் ஏறினாலும் கண்டுபிடிக்கிறவன் நான். ஒரு வருஷமாக இதைப் பார்க்காமல் ஓடியிருக்கிறேன்.

நான் முப்பது ஓடியதே இல்லை. இருபத்தைந்துதான். நான்கு தடவையும்.

ஓடிக்கொண்டே கணக்குப் போட்டேன். நான் அறியாத தூரம் பன்னிரண்டு என்று இருந்தேன். பதினேழு. மூன்றாவது சுற்று முழுக்க அந்தப் பதினேழு கூடவே வந்தது.

நான்காவது சுற்றில் அந்தக் கோடிக்குப் போனேன். அவர்கள் திரும்பினார்கள். நான் நின்றுவிட்டேன்.

கால் வலிக்கவில்லை. மூச்சு வாங்கவில்லை. போன மாதம் இதே இடத்தில் திரும்பி ஓடிய கால்தான். எங்காவது வலித்திருந்தால் அதைச் சொல்லியிருப்பேன். டீச்சர் திரும்பி வந்து மூட்டா என்று கேட்டார். இல்லை என்றேன். பின்னே என்னவென்று கேட்டார். தண்ணீர் கொடுத்துவிட்டு ஓடினார். நான் நடந்து வந்து சாரின் ஸ்கூட்டர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் முன்னால் அவர்கள் வந்து திரும்பி, வந்து திரும்பி முப்பத்திரண்டையும் முடித்தார்கள்.

சார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாதின்னா உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் மாத்தலாம். ஒரு ஃபோன் பண்ணுங்க, மாத்திடறேன்."

சரி சார் என்றேன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். முப்பது இல்லை, இருபத்தைந்து, அளந்தது தப்பு என்று. துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இத்தினி வருசம் நீ தெரிஞ்சு சொன்ன பொய்யெல்லாம் கேட்டுகினு இருந்தேன். தெரியாம சொன்னது இதான் மொத தபா."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருக்கலாம். அபார்ட்மென்டில் சொன்னதை இனி மாற்றிச் சொல்ல வேண்டுமா என்று மட்டும் கேட்டாள். வேண்டாம் என்றேனா, உன் இஷ்டம் என்றேனா, நினைவில்லை.

சாயங்காலம் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். ஃபோன் செய்யவில்லை. தைரியம் வந்து செய்யாமல் விட்டேன் என்று பிறகு சார் நினைத்தார். அப்படி இல்லை. பாதிக்கு மாற்று என்று சொல்லவும் ஒரு நம்பிக்கை வேண்டும், பாதியாவது ஓடுவேன் என்று. அது என்னிடம் இல்லை.

மிச்ச ஐந்து வாரமும் மோசம். கூடுவாஞ்சேரியில் ஒரு புது வீட்டில் வேலை. பகல் முழுக்கக் குந்தி உட்கார்ந்து ஒட்டுவேன். விடிகாலையில் அதே ரோட்டுக்குப் போவேன். கம்பத்தை எண்ண மாட்டேன். எண்ணாவிட்டால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. சில நாள் பாலத்தைத் தாண்டியதும் நின்றேன். ஒரு நாள் ஷூவை மாட்டிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வேலைக்குப் போனேன். கம்ப்யூட்டர்காரர் தன்னுடைய பழைய வாட்சைத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் தம்பி என்றேன். அது எதைக் காட்டினாலும் எனக்குப் பயம்.

மாரத்தான் அன்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு போர்டு வைத்திருந்தார்கள். சாரும் மற்ற இருவரும் முதல் ஐந்திலேயே முன்னால் போய்விட்டார்கள். பாதி ஓடுகிறவர்கள் இருபத்தொன்றில் பிரிந்து கைதட்டல் பக்கமாகப் போனார்கள். நான் நேராகப் போனேன்.

இருபத்தைந்து வரை என் கால் அறிந்த தூரம். இருபத்தாறு போர்டுக்குப் பிறகு தெரியாத ஊர் மாதிரி இருந்தது. சந்தோஷம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெயில் ஏறிவிட்டது. முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் இல்லை. அடுத்த போர்டு, அடுத்த போர்டு என்று நடையும் ஓட்டமுமாகப் போனேன். முப்பது போர்டில் ஒரு கையை ஊன்றி நின்றேன். நான்கு தடவை ஓடியதாகச் சொன்ன தூரம். அன்றைக்குத்தான் அங்கே முதல் தடவையாக வந்தேன்.

அதற்கு அடுத்த போர்டில் தொடை இரண்டும் பிடித்துக்கொண்டது. ரோட்டிலேயே உட்கார்ந்தேன். பின்னால் வந்த வேனில் இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள். உள்ளே என்னைப் போல மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் தொப்பியால் முகத்தை மூடியிருந்தார்.

தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கிப் படியேற நேரம் பிடித்தது. வீட்டில் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். முடித்தாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். தலையை நிமிர்த்தாமல் இன்னும் இரண்டு மூன்று பீன்ஸ் நறுக்கினாள்.

"எவ்ளோ ஓடின?"

முப்பத்தொன்று.